குற்றத்தை ஒப்புக்கொள்வதா, நோயைச் சொல்வதா?

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, விடிந்தும் விடியாத நேரத்தில் வாசலில் மோட்டார் வந்து நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாவை அவர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த காலத்திலிருந்தே எனக்குத் தெரியும். கையில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பை.

“டீச்சரம்மா, கடைக்காரரை மிரட்டினான்னு சின்னவன் மேல கேஸ் போட்டுட்டாங்க. இன்னைக்கு கோர்ட். ஒத்துக்கிட்டா ரெண்டாயிரம் வெள்ளிக்குள்ள முடிஞ்சிடும், கட்டிட்டுக் கூட்டிட்டு வந்துடலாம்னு மச்சான் சொல்றாரு. ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தா தஞ்சோங் ரம்புத்தான் மனநல ஆஸ்பத்திரில போட்டு அடைச்சிடுவாங்களாம். நான் என்ன செய்யட்டும்?”

பையை வாங்கிப் பார்த்தேன். ஐ.சி. எனும் அடையாள அட்டையின் நகல், கோயில் திருநீறு ஒரு பொட்டலம், ஆஸ்பத்திரி அட்டை, மருந்து உறைகள். பிரிக்காத உறைகளே அதிகம்.

அந்த அம்மா கேட்ட கேள்விக்கு ஒரு வரியில் பதில் கிடையாது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தாமான் குடியிருப்புகளிலும் எத்தனையோ குடும்பங்கள் இதே கேள்வியோடு கோர்ட் வாசலில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். என் தம்பிக்கு 22 வருஷமாக ஸ்கிசோஃப்ரினியா எனும் மனச்சிதைவு நோய். நான் வக்கீல் இல்லை. ஆனால் தம்பிக்காகவும் பிறகு மற்றவர்களுக்காகவும் கோர்ட்டுக்கும் மனநல வார்டுக்கும் அலைந்து தெரிந்துகொண்டது கொஞ்சம் உண்டு. எந்த வழியில் போனால் என்ன கிடைக்கும், எதை இழக்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சட்டம் இரண்டு தனித்தனிக் கேள்விகளைக் கேட்கிறது. சம்பவம் நடந்த அன்று அவன் மனநிலை எப்படி இருந்தது? இன்று, கோர்ட்டில் நிற்கும்போது, எப்படி இருக்கிறது? அன்று சுயநினைவே இல்லாமல் இருந்தவன் இரண்டு ஊசி போட்ட பிறகு இன்று தெளிவாகப் பேசலாம். அன்று தெளிவாக இருந்தவன் லோக்கப்பில் மருந்தில்லாமல் கிடந்து இன்று சுவரோடு பேசலாம். இரண்டுக்கும் வழி வேறு.

கேஸ் ஆகுமுன் இருக்கும் வழி

கோர்ட்டுக்குப் போவதற்கு முந்தைய இரவிலேயே பாதி முடிவு ஆகிவிடுகிறது. பையன் வீட்டில் சாமான்களை உடைக்கிறான், அம்மாவை அடிக்க வருகிறான். பயத்தில் 999-க்குப் போன் போடுகிறோம், அல்லது பாலாய்க்கு, அதாவது போலீஸ் நிலையத்துக்கு, ஓடுகிறோம். அங்கே நாம் என்ன சொல்கிறோமோ அதுதான் ரிப்போர்ட்டாக எழுதப்படும். “கொன்னுடுவேன்னு மிரட்டினான்” என்பதோடு நிறுத்தினால் அது குற்றவியல் சட்டம் 506-ஆவது பிரிவு. “இவன் மனநோயாளி, இந்த ஆஸ்பத்திரியில் பார்க்கிறோம், மருந்தை நிறுத்தி இத்தனை நாளாச்சு, இப்ப இவனுக்கும் ஆபத்து எங்களுக்கும் ஆபத்து” என்று சொன்னால், 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 11-ஆவது பிரிவைப் பயன்படுத்தப் போலீசுக்கு வழி பிறக்கிறது. மனநோயால் தனக்கோ பிறருக்கோ சொத்துக்கோ ஆபத்தாக இருப்பவரைப் பிடித்து, 24 மணி நேரத்துக்குள் மனநலப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்கிறது அந்தப் பிரிவு. அங்கே அவன் நோயாளி. குற்றவாளி என்ற பேச்சே இல்லை.

இந்தச் சட்டம் 2001-இல் நிறைவேறினாலும் நடைமுறைக்கு வந்தது 2010-இல்தான். அதன் 10-ஆவது பிரிவில் இன்னொரு வசதி உண்டு. நோயாளி வர மறுத்தாலும், டாக்டரின் பரிந்துரையோடு உறவினர் ஒருவர் விண்ணப்பித்தால் மனநல மருத்துவமனையில் சேர்க்கலாம். முதலில் ஒரு மாதம் வரை, பிறகு டாக்டர்கள் பார்த்து நீட்டிக்கலாம். ‘பெற்ற பிள்ளையைக் கையெழுத்துப் போட்டு அனுப்புவதா’ என்று அம்மாக்கள் அழுவார்கள். அழுது, நாள் கடத்தி, கடைசியில் அவன் பக்கத்து வீட்டுக் கதவை உடைத்த பிறகு போலீஸ் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும்.

நம் ஆட்கள் அடிக்கடி தவறும் இடம் இன்னொன்று. கோபத்தில் ரிப்போர்ட் கொடுத்துவிட்டு, மறுநாள் மனம் இளகி, “ரிப்போர்ட்டைத் திரும்ப எடுத்துக்கிறேன்” என்று போவார்கள். அது உங்கள் கையில் இல்லை. வழக்குத் தொடுப்பதும் கைவிடுவதும் அரசியலமைப்பின் 145-ஆவது விதிப்படி சட்டத்துறைத் தலைவரின் அதிகாரம். அவர் சார்பில் முடிவெடுப்பவர் டி.பி.பி. எனும் துணை அரசு வழக்கறிஞர். தாயே மன்னித்தாலும் கேஸ் நடக்கலாம்.

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்கள் விஷயத்தில் மட்டும் காலம் மாறியிருக்கிறது. முன்பு குற்றவியல் சட்டத்தின் 309-ஆவது பிரிவின்படி அவர்களையே கோர்ட்டில் நிறுத்தலாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் கேஸ் ஆகுமே என்று ஒளித்து வைத்த வீடுகளை நான் அறிவேன். 2023-இல் நாடாளுமன்றம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. இனி பயப்படாமல் கொண்டுபோங்கள்.

ஒப்புக்கொண்டு கட்டிவிட்டு வருவது

மச்சான்மார் சொல்லும் வழி இது. ஒரே நாளில் முடியும், செலவு குறைவு, ஊருக்குத் தெரியாது. நாங்களும் இதைத்தான் செய்தோம்.

அப்போது நாங்கள் வேறு ஊரில் இருந்தோம். நள்ளிரவில் தம்பி பக்கத்து வீட்டுக்குள் நுழைந்துவிட்டான். உள்ளே யாரோ தன்னைக் கூப்பிடுவதாக அவனுக்குக் கேட்டிருக்கிறது. அத்துமீறி நுழைந்ததாகக் கேஸ். அந்த மாதம்தான் தங்கைக்கு நிச்சயம் வைத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று ஆஸ்பத்திரிப் பேச்சை எடுப்பதில்லை என வீட்டில் முடிவு செய்தோம். கோர்ட்டில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கையில் விலங்கோடு தம்பி நின்றான். மொழிபெயர்ப்பாளர் குற்றச்சாட்டைத் தமிழில் வாசித்து, “ஒத்துக்கிறியா?” என்று கேட்டார். தம்பி தலையாட்டினான். ஆனால் அவன் கண் மொழிபெயர்ப்பாளர் மேல் இல்லை. மேலே சுழன்ற காற்றாடியைப் பார்த்துக்கொண்டு இரண்டு முறை, மூன்று முறை தலையாட்டினான். வீட்டில் குரல் கேட்கும்போதெல்லாம் அவன் அப்படித்தான் ஆட்டுவான். கேள்விக்கு அவன் பதில் சொல்லவில்லை என்பது அந்த அறையில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

அபராதம் கட்டினோம். மருந்துப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஒன்பது வாரம் கழித்து அதே வீட்டுக்குள் மீண்டும் போனான். இந்த முறை பழைய தண்டனை ஒன்று பதிவில் இருந்ததால் அபராதத்தோடு விடவில்லை. சிறை. வெளியே வந்தபோது பாதி உடம்பாக வந்தான். தங்கையின் நிச்சயம் அதற்குள் முறிந்திருந்தது, வேறு காரணத்துக்காக.

குற்றத்தை ஒப்புக்கொள்பவருக்கு அதன் தன்மையும் விளைவும் புரிந்திருக்கிறதா என்று மாஜிஸ்திரேட் உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவு. புரியாமல் ஒப்புக்கொண்டதாகத் தெரிந்தால் உயர் நீதிமன்றத்தில் மறுசீராய்வும் கேட்கலாம். ஆனால் வரிசையாக நிற்கும் கேஸ்களுக்கு நடுவில், அமைதியாகத் தலையாட்டும் ஒருவனைப் பார்த்து நோயாளி என்று கண்டுபிடிக்க மாஜிஸ்திரேட்டுக்கு என்ன வழி? குடும்பம் சொன்னால்தான் உண்டு. நோய் இருக்கிறது என்று தெரிந்தும் இந்த வழியில் போவது எல்லாவற்றிலும் மோசம் என்பதே என் முடிவு. கட்டும் பணம் போனால் போகட்டும். பதிவு நிற்கும், செக்யூரிட்டி வேலைக்குக்கூட அது குறுக்கே வரும். நோயோ இருந்த இடத்திலேயே இருக்கும்.

இன்று அவனால் நிற்க முடியாவிட்டால்

கோர்ட்டில் நடப்பது என்னவென்றே புரியாத நிலையில் ஒருவர் இருந்தால், அதே நடைமுறைச் சட்டத்தின் 342-ஆவது பிரிவின்படி வழக்கைத் தள்ளிவைத்து அவரை மனநல மருத்துவமனைக்கு அனுப்பலாம். கண்காணிப்புக்காக ஒரு மாதம் வரை. டாக்டர்களால் அதற்குள் முடிவுக்கு வர இயலாவிட்டால் இன்னும் இரண்டு மாதம் வரை நீட்டிக்கலாம். பேராக்கில் அது பெரும்பாலும் தஞ்சோங் ரம்புத்தானில் உள்ள பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை.

அந்தப் பெயரைச் சொன்னாலே நம்மவர்களுக்கு உடம்பு நடுங்குகிறது. 1911-இல் வெள்ளைக்காரன் காலத்தில் பித்தர் விடுதியாகத் தொடங்கிய இடம். சண்டையில் ஒருவரை ஒருவர் திட்டும் வசையாகவே ஊர்ப்பெயர் ஆகிவிட்டது. நம் ஊரிலிருந்து காடியில் அரை மணி நேரம்தான். ஆனாலும் வார்டில் இருப்பவனைப் போய்ப் பார்க்க ஒரு வீட்டில் ஒருவர்கூட முன்வராததைப் பார்த்திருக்கிறேன். தம்பியைப் பார்க்க நான் முதல் தடவை போனபோது பெரிய மரங்களும் வரிசையாக வார்டுகளும் இருந்தன. நர்ஸ் அவனுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார். ஆறு மாதமாக அவன் யாரையும் நகத்தைத் தொட விட்டதில்லை.

கண்காணிப்பில் டாக்டர்கள் குடும்பத்தைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அப்போது மறைக்காதீர்கள். எப்போது தொடங்கியது, எந்த மருந்து, எப்போது நிறுத்தினான், பூசாரியிடம் எத்தனை மாதம் அலைந்தோம், எல்லாவற்றையும் சொல்லுங்கள். அந்த அறிக்கைதான் பின்னால் வரும் ஒவ்வொரு முடிவுக்கும் அடித்தளம்.

வழக்கைச் சந்திக்கும் நிலையில் அவர் இல்லை என்று கோர்ட் முடிவு செய்தால் வழக்கு தற்காலிகமாக நிற்கும், முடிந்துவிடாது. 506 போல ஜாமீனில் விடக்கூடிய குற்றமென்றால், நன்றாகப் பார்த்துக்கொள்வோம், கூப்பிடும்போது கொண்டுவருவோம் என்ற பிணையோடு குடும்பத்திடமே ஒப்படைக்க 344-ஆவது பிரிவில் இடமுண்டு. ஜாமீன் இல்லாத குற்றமென்றாலோ பிணை நிற்க ஆளில்லை என்றாலோ விஷயம் மாநில ஆட்சியாளரிடம் போகும். அவர் உத்தரவின்பேரில் மருத்துவமனையில் வைக்கப்படுவார். தெளிந்ததும் வழக்கு மறுபடி தொடங்கும். இதன் பலன் சிகிச்சை. குறை, தேதி. எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. உண்மையிலேயே இன்று நிலை தவறி நிற்பவருக்கு மட்டும் இதைக் கேளுங்கள். கேஸை இழுத்தடிக்க இதைப் பயன்படுத்தினால் லோக்கப்புக்கும் வார்டுக்கும் இடையில் அலைக்கழிவது உங்கள் பிள்ளைதான்.

‘பைத்தியம்னு சொன்னா விட்டுருவாங்க’

டீக்கடையில் இதைச் சொல்பவர்களுக்குக் குற்றவியல் சட்டத்தின் 84-ஆவது பிரிவின் முழுக்கதை தெரியாது. செயலைச் செய்த நேரத்தில் மனநிலை பிறழ்ந்திருந்ததால், தான் என்ன செய்கிறோம் என்பதையோ அது தவறு அல்லது சட்டத்துக்குப் புறம்பானது என்பதையோ அறிய முடியாதிருந்தவர் செய்தது குற்றமாகாது என்கிறது அது. 1843-இல் இங்கிலாந்தில் மெக்நாட்டன் என்பவன் பிரதமரின் செயலாளரைச் சுட்டுக்கொன்ற வழக்கிலிருந்து வளர்ந்த விதி. தமிழ்நாட்டிலும் நெடுங்காலம் இதே எண்ணில்தான் இந்தப் பிரிவு இருந்தது.

இங்கே நிரூபிக்கும் பொறுப்பு நம் தலையில் விழுகிறது. அரசுத் தரப்பைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கத் தேவையில்லை. அப்படித்தான் இருந்திருக்கும் என்று கூடுதலாகச் சாயும் அளவுக்குக் காட்டினால் போதும். ஆனால் ஆஸ்பத்திரி அட்டை இருப்பது மட்டும் போதாது. ஸ்கிசோஃப்ரினியா இருப்பவர் அந்த நிமிஷத்தில் தான் செய்வதை அறிந்தே செய்திருக்கலாம். ஆயுதத்தை மறைத்தாரா, ஓடினாரா, பொய் சொன்னாரா என்றெல்லாம் கேள்வி வரும்.

சியாபு எனும் போதைப்பொருளை எடுத்திருந்தால் சிக்கல் இரட்டிப்பு. தானாக விரும்பி ஏற்றிக்கொண்ட போதை தற்காப்பாகாது, அந்தப் போதையே மனநிலையைப் பிறழவைத்துவிட்டது என்று காட்டினாலொழிய. குரல் கேட்பதை அடக்க சியாபு எடுக்கிறானா, சியாபு எடுத்ததால் குரல் கேட்கிறதா என்பது தேர்ந்த டாக்டர்களுக்கே நாளெடுக்கும் கேள்வி. அதனால் அதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

சரி, 84-ஐ நிரூபித்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். விடுதலை. ஆனால் வீட்டுக்கு அல்ல. செயலை அவர்தான் செய்தார் என்று நடைமுறைச் சட்டத்தின் 347-ஆவது பிரிவின்படி தீர்ப்பில் எழுதுவார்கள். 348-இன்படி பாதுகாப்புக் காவலில் வைத்து மாநில ஆட்சியாளருக்கு அறிக்கை போகும். நம் மாநிலத்தில் அது சுல்தான். அவர் விருப்பம் உள்ளவரை மனநல மருத்துவமனையில் இருக்க உத்தரவிடலாம். வருஷக் கணக்கு எழுதாத காவல் அது. நிலை தேறியதும் உறவினர் பொறுப்பேற்று விண்ணப்பித்தால் ஒப்படைக்கச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் விண்ணப்பிக்க ஓர் உறவினர் வேண்டுமே. அம்மா அப்பா போய்ச் சேர்ந்த பிறகு அண்ணன் தம்பிகள் முகவரி மாற்றிக்கொண்டு போய்விட்டதால், நோய் தணிந்தும் போக இடமில்லாமல் உள்ளேயே முடி நரைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே இதைக் குற்றத்தின் எடையோடு வைத்துத்தான் நிறுக்க வேண்டும். கொலைக் குற்றச்சாட்டு என்றால் 84-ஐக் கடைசிவரை போராடிப் பெற வேண்டும், அதற்குத் தயங்கவே கூடாது. அபராதத்தோடு முடியக்கூடிய மிரட்டல் கேஸுக்கு அதே வழியில் போனால், விடுதலை என்ற பெயரில் சிறைத் தண்டனையைவிட நீண்ட காவல் வாய்க்கலாம். இரண்டையும் ஒரே தராசில் வைக்கும் வக்கீலிடம், “விடுதலை கிடைச்சா அவன் எங்க சார் போவான்?” என்று நேராகக் கேளுங்கள்.

டி.பி.பி.க்குக் கடிதம்

சிறிய குற்றங்களில் நான் முதலில் பார்க்கச் சொல்வது இதை. கோர்ட்டில் வாதாடுவதற்கு முன்பே, இவருக்கு இன்ன நோய், இத்தனை வருஷ சிகிச்சை, சம்பவத்தன்று இன்ன நிலை, இனி இன்னார் பொறுப்பில் இன்ன கிளினிக்கில் சிகிச்சை தொடரும் என்று ஆவணங்களோடு அரசுத் தரப்புக்கு எழுதிக் கேட்பது. ‘ரெப்ரசெந்தாசி’ என்பார்கள். டி.பி.பி. மனது வைத்தால் குற்றச்சாட்டைக் கைவிடலாம், சிறியதாக மாற்றலாம். கைவிட்டாலும் முழு விடுதலையா, மீண்டும் குற்றம் சாட்ட இடம் வைத்த விடுவிப்பா என்று வக்கீலிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாவது வகையென்றால் மருந்தை நிறுத்திய நாளில் பழைய கேஸ் எழுந்து வரக்கூடும்.

கைவிட மறுத்தாலும் அந்தக் காகிதங்கள் வீணாகாது. நடைமுறைச் சட்டத்தின் 173ஏ பிரிவு, குற்றம் நிரூபணமானாலும் தண்டனைப் பதிவு இல்லாமல் எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ விட மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தருகிறது. எதையெல்லாம் பார்த்து அப்படி விடலாம் என்ற வரிசையில் வயது, முன்நடத்தையோடு உடல்நலமும் மனநிலையும் சொல்லாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஒப்புக்கொண்டு அபராதம் கட்டும் அதே நாளில், அதே வாயால், நோயைச் சொல்லிக் கேட்டிருக்கலாம். எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது.

இதற்கு வேண்டியது காகிதம். ஆஸ்பத்திரி அட்டை, டாக்டரின் அறிக்கை, மருந்து உறைகள், ஊசி போட்ட தேதிகள். இரண்டு வருஷம் சிகிச்சையில் இருந்தவருக்குச் சமூகநல இலாகாவில் ஓ.கே.யு. கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை, வாங்க முடியும், அதில் மனநலத்துக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. ‘ஊனமுற்றவன்னு முத்திரை குத்தறதா’ என்று தள்ளிப்போடும் குடும்பங்கள் ஏராளம். பாலாய் மேசையில் ஒரு போலீஸ்காரருக்கு ஐந்து விநாடியில் விஷயத்தைப் புரியவைப்பது அந்த அட்டைதான். மருந்தை லோக்கப்புக்குக் கொண்டுபோகும்போது பெயர் ஒட்டிய உறையோடு கொடுங்கள். நோயைப் பற்றி விசாரணை அதிகாரியான ஐ.ஓ.வுக்கு ஒரு கடிதம் எழுதி, உங்கள் பிரதியில் சாப் (முத்திரை) அடித்து வாங்கிக்கொள்ளுங்கள். தடுப்புக்காவல் நான்கு நாள், பிறகு மூன்று நாள் என்று நீளலாம், அதில் தவறும் ஒவ்வொரு மாத்திரையும் கோர்ட்டில் முகத்தில் தெரியும்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று இந்த வழியை விட்டுவிடாதீர்கள். வசதியில்லாத குடிமக்களுக்காக வை.பி.ஜி.கே. எனும் தேசிய சட்ட உதவி அறவாரியம் 2012 முதல் இயங்குகிறது. கைது, தடுப்புக்காவல், ஜாமீன் கட்டத்திலேயே அதன் வக்கீல்கள் நிற்பார்கள். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் விசாரித்தால் அன்றைய வக்கீல் யாரென்று சொல்வார்கள்.

இதன் குறையையும் சொல்லியாக வேண்டும். யாருக்கும் இது உரிமை இல்லை, கேட்டுப் பெறுவது. காயம் பட்டவர் இருந்தால், அவர் பயம் தீராமல் இருந்தால், டி.பி.பி. மறுக்க எல்லா நியாயமும் உண்டு. மிரட்டப்பட்ட கடைக்காரரும் நம் ஊர்க்காரர்தானே. குடும்பத்தில் ஒருவர் போய் அவரிடம் மனம் விட்டுப் பேசுவது கேஸுக்காக மட்டும் செய்யும் காரியமாக இருக்கக்கூடாது.

அன்று காலை

அந்த அம்மாவிடம் ஒப்புக்கொள்ள வைக்காதீர்கள் என்றேன். மச்சானுக்குப் பிடிக்கவில்லை. “ஊரு பூரா தெரிஞ்சுடும் டீச்சர்” என்றார். கடை வாசலில் இரும்புக் கம்பியோடு அவன் நின்றதை ஊர் ஏற்கெனவே பார்த்துவிட்டது என்றேன். நானும் கூடவே கோர்ட்டுக்குப் போனேன்.

சட்ட உதவி வக்கீல் ஒரு இளம்பெண். நடைபாதையிலேயே பையைப் பிரித்தார். உறைகளை நாற்காலியில் வரிசையாக வைத்து, தேதி வாரியாக அடுக்கி, பிரிக்காதவற்றைத் தனியாக எண்ணினார். பதினொன்று. ஒவ்வொன்றிலும் பெயர், மருந்து, எத்தனை வேளை என்று ஒட்டியிருந்தது. “அம்மா, இதை ஏன் இவன் சாப்பிடலை?” என்று கேட்டார். “அதுல விஷம் இருக்குன்னு ஒரு குரல் சொல்லுதாம் தாயி. நான் முதல்ல சாப்பிட்டுக் காட்டினாத்தான் முழுங்குவான். ரெண்டு மாசமா எனக்கு ஷிப்ட் வேலை.”

வக்கீல் அதை அப்படியே எழுதிக்கொண்டார். உள்ளே போய் குற்றச்சாட்டை ஒப்புக்கொள்ளவில்லை என்று சொல்லி, மருத்துவ அறிக்கைக்கும் ரெப்ரசெந்தாசிக்கும் அவகாசம் கேட்டார். ஐந்து வாரம் தள்ளி தேதி கொடுத்தார்கள். ஜாமீனுக்கு மச்சான்தான் கையெழுத்துப் போட்டார். வியாழக்கிழமை கிளினிக்கில் ஊசி.

வெளியே வந்ததும் கேன்டீனில் அந்த அம்மா தண்ணீர் வாங்கினார். உறையைப் பிரித்து, ஒரு மாத்திரையை விரல் நுனியில் எடுத்து, தன் நாக்கில் வைப்பது போலக் காட்டினார். பையன் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கையை நீட்டினான்.